அக்கா வராத மாலைதீவு

“டீச்சர், மாலைதீவு நல்லமோ? நீங்கள் போனனீங்கள்தானே? அம்மாவை அங்க கூப்பிட்டுச் சந்திப்பம் எண்டு யோசிக்கிறம்.”

சென்ற மாதம் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். “ஓம், நல்லம்” என்று சொன்னேன். எடுத்த முருங்கைக்காயையும் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் புவியியல் படிப்பித்தவள், ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தப்பி ஓடியது சரியில்லை. அவருக்கும் அவரைப் போல யோசிக்கிறவர்களுக்கும் என் முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அகதியாக இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குக் கடவுச்சீட்டு மாதிரி ஒரு பயணப் புத்தகம் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு, விசா கிடைத்தால் எந்த நாட்டுக்கும் போகலாம். விட்டு வந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. ஆகவே ஊரில் இருக்கிற தாயையோ சகோதரத்தையோ பார்க்க வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் மூன்றாவது ஒரு நாட்டுக்கு வர வேண்டும். மற்றவர்கள் தேனிலவுக்குப் போகும் கடற்கரைகளுக்கு எங்கள் ஆட்கள் வலி மருந்தும் ஊறுகாய்ப் போத்தலும் கொண்டு போவது இதனால்தான்.

என் தம்பி தயாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறான். அவனுடைய வழக்கு இழுபட்டு இழுபட்டு, அந்தப் புத்தகம் கையில் கிடைத்தே நான்கு வருடம்தான் ஆகிறது. எங்கள் பெரியக்காவுக்கு எழுபத்துமூன்று. பருத்தித்துறையில் மகள் நளினியோடு இருந்தா. தயாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போய்விட்டா. அதன் பிறகு அவனைக் குளிக்க வார்த்து, சோறு தீத்தி, பள்ளிக்கு அனுப்பியது பெரியக்காதான். அவர்கள் இருவரும் நேரில் பார்த்து இருபத்தாறு வருடம். என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது; நான் மூன்று தடவை ஊருக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் தயா விமான நிலையம் வரை வந்து பெட்டியைத் தூக்கித் தந்துவிட்டுத் திரும்பிப் போவான்.

மாலைதீவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அக்காவின் முழங்கால். கொழும்பிலிருந்து அந்த நாட்டுத் தலைநகர் மாலேக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே இறங்கியதும் அனுமதி கொடுக்கிறார்கள். தயாவின் புத்தகத்துக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி எடுத்தோம். அதற்கு ஏழு வாரம் ஆனது. காலம் பெப்ரவரி, மழை குறைவு, கடல் அமைதி. லண்டனிலிருந்து வளைகுடா வழியாகப் போய்வர ஆளுக்கு 640 பவுண்.

சனிக்கிழமை பயணம். வியாழன் காலை நளினி அழைத்தாள்.

“சின்னம்மா, அம்மாவை நேற்று ஆஸ்பத்திரியில வச்சிட்டம். காய்ச்சலும் சளியும். ஒரு கிழமைக்குப் பிளேன் ஏற ஏலாதாம்.”

நான் பேச வாயெடுக்க, அக்கா தொலைபேசியை வாங்கிக்கொண்டா. “பிள்ளை, சின்னவனுக்கு ஒண்டும் சொல்லாதை. சொன்னியெண்டால் அவன் வெளிக்கிடமாட்டான். நீங்கள் போய் நில்லுங்கோ. நாலு நாளில நான் எழும்பி வந்திடுவன்.”

“சரியக்கா” என்றேன். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை. அவர் அங்கே தனியே இருந்து என்ன செய்வார், எதற்கு மனத்தைக் குழப்ப வேண்டும் என்று, சத்திரசிகிச்சை முடிந்த பிறகு சொல்வோம். சில சமயம் செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பிறகும் சொல்வோம். அதை அன்பு என்றுதான் நானும் நம்பியிருந்தேன். தயாவிடம், நளினிக்குக் கந்தோரில் லீவு தள்ளிப்போய்விட்டது, அவர்கள் அடுத்த வியாழன்தான் வருவார்கள் என்று சொன்னேன். “பரவாயில்லை, இருவத்தாறு வரியம் பொறுத்தனாங்கள், நாலு நாள் என்ன” என்றான்.

இனிப் பயணம். இல்ஃபோர்டிலிருந்து ஹீத்ரோவுக்கு எலிசபெத் ரயிலில் ஒரு மணி இருபது நிமிடம் எடுத்தது. தயா முதல் நாளே என் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுடைய பெட்டி இருபத்துமூன்று கிலோவுக்கு மேலே ஒன்றரைக் கிலோ இருந்தது. திறந்து பார்த்தால் மூட்டுவலித் தைலம் ஆறு, நெஸ்ரமோல்ற் சத்துமாப் பெட்டி இரண்டு, அக்காவுக்கு ஒரு குளிர்ச்சட்டை.

“மாலைதீவில முப்பது பாகை வெயிலடா. குளிர்ச்சட்டை எதுக்கு?”

“பிளேனுக்குள்ள குளிரும் சின்னக்கா. திரும்பிப் போகேக்க போடட்டும்.”

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு மாலேயில் இறங்கினோம். குடிவரவுப் படிவத்தைப் புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பி வைத்திருக்க வேண்டும், மறக்க வேண்டாம். தயாவின் புத்தகத்தைப் பார்க்க இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அனுமதிக் கடிதத்தின் அச்சுப் பிரதி கையில் இருந்ததால் சிக்கல் இல்லாமல் விட்டார்கள்.

விமான நிலைய வாசலிலேயே படகுத்துறை. நாங்கள் தங்கிய மாஃபுஷித் தீவு அங்கிருந்து 27 கிலோமீற்றர். வேகப்படகில் முப்பத்தைந்து நிமிடம், ஆளுக்கு 25 டொலர். அரசாங்கப் படகு என்றால் ஒன்றரை மணி நேரம், இரண்டு மூன்று டொலருக்குள் முடியும். ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாது. வேகப்படகில் முதியவர்களைப் பின்வரிசையில் இருத்துங்கள். முன்வரிசையில் இருந்தால் அலைக்கு அலை இடுப்பில் அடி விழும். தயா முன்வரிசையில் ஒரு தடவை, பின்வரிசையில் ஒரு தடவை இருந்து பார்த்துவிட்டு, “பெரியக்காவுக்குப் பின்னாலதான்” என்று தீர்மானம் சொன்னான்.

விடுதியில் இரண்டு அறை எடுத்திருந்தோம்: எனக்கும் அக்காவுக்கும் நளினிக்கும் பெரியது, தயாவுக்குச் சிறியது. ஓர் அறைக்கு ஒரு நாளுக்கு 62 டொலர், காலைச் சாப்பாட்டோடு. அதைவிட ஆளுக்கு ஒரு நாளுக்கு ஆறு டொலர் சுற்றாடல் வரி. பெரிய அறையைத் திறந்தால், கட்டிலில் துவாயால் செய்த இரண்டு அன்னங்கள் கழுத்தை வளைத்து முத்தமிட்டுக்கொண்டு இருக்கின்றன. சுற்றிவரச் செவ்வரத்தம் பூ இதழ்கள். தயா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“கிழவிக்கும் கிழவனுக்கும் ஹனிமூனாம்! சின்னக்கா, படம் எடுத்துப் பெரியக்காவுக்கு அனுப்புங்கோ. வயிறு நோகச் சிரிப்பா.”

பெட்டி தூக்கி வந்த சமையற்காரர் முருகேசன் தூத்துக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் கேட்டதும் திடுக்கிட்டு, “ஐயையோ, அக்கா தம்பியா? மன்னிச்சிருங்க மேடம். ஒரே குடும்பப் பேரா இருந்துச்சா, பசங்க தப்பா நெனச்சிட்டாங்க” என்று அன்னங்களின் கழுத்தை அவசரமாகப் பிரித்தார். நான் அதற்கு முன்பே படம் எடுத்து நளினிக்கு அனுப்பிவிட்டேன். ‘அம்மாவுக்குக் காட்டினேன். சிரித்து இருமினா’ என்று பதில் வந்தது. தயாவுக்கு முதல் பாதியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

பவளத்தீவு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். கழுவும் தொட்டியில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, விளிம்பு மட்டும் தெரியும்படி தண்ணீர் விடுங்கள். விளிம்புக்கு வெளியே ஆழம். உள்ளே ஆழம் குறைவு, அலையும் குறைவு. அந்த விளிம்பில் அங்கங்கே ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கைகள்தான் தீவுகள். மாஃபுஷி அப்படி ஒரு பருக்கை. ஒன்றேகால் கிலோமீற்றர் நீளம், கால் கிலோமீற்றர் அகலம். மெதுவாக நடந்தாலும் முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். குளியலுடையோடு குளிக்க ஒரு கரையை மறைப்புக் கட்டிப் பிரித்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் ஊர் மக்களின் கரை; உடல் மறைய உடுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு அதுவே வசதி.

திங்கட்கிழமை தயா அந்த ஊர்க்கரையில் ஒரு சிறிய வளைவைக் கண்டுபிடித்தான். கடல் உள்ளே வளைந்து வந்து, குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. நூறு அடி நடந்தாலும் முழங்காலளவுதான் தண்ணீர். விடுதியிலிருந்து இருநூற்றுப் பத்து அடி என்று எண்ணிப் பார்த்தான். பிறகு போய் முருகேசனிடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டான்.

“எதுக்கு சார்?”

“எங்கட பெரியக்காவால நிலத்தில இருந்து எழும்ப ஏலாது. கதிரையைத் தண்ணிக்குள்ள வச்சு அதில இருத்தப் போறன்.”

கதிரையை வைத்து, தானே இருந்து பார்த்தான். பின்கால் இரண்டும் மணலுக்குள் இறங்க, மல்லாந்து விழுந்தான். கரையில் நின்ற முருகேசன் “சார், அக்கா வர்றதுக்குள்ள நீங்க நீச்சல் கத்துக்கிடுவீங்க” என்று கத்தினார். அடுத்த நாள் தயா பழைய பலகைத் துண்டொன்றைத் தேடி எடுத்து, கதிரைக் காலுக்குக் கீழே போட்டான். இப்போது கதிரை அசையவில்லை. அவன் அதில் இருந்து, கால் இரண்டையும் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு, “இஞ்ச இருந்து கதைக்கலாம் சின்னக்கா, நாள் முழுக்கக் கதைக்கலாம்” என்றான். நான் கரையில் நின்று தலையாட்டினேன். அன்று காலை நளினி, அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தாள்.

செவ்வாய் மத்தியானம் அரசாங்கப் படகில் குல்ஹி என்ற அடுத்த தீவுக்குப் போனோம். பதினைந்து இருபது நிமிடம். மாஃபுஷியைவிடச் சிறியது, ஆட்களும் குறைவு. கரையில் மணல் மா மாதிரி இருக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் அங்கேயே தங்கலாம். தயா அங்கும் கடலைப் பார்க்கவில்லை. இருக்க வாங்குப் பலகை இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்தான். திரும்பும் படகு நேரத்தை முதலே கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்காமல் போய் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம்.

புதன்கிழமை மணல்திட்டுப் பயணம். ஆளுக்கு 35 டொலர். காலை ஒன்பதரை முதல் மாலை மூன்று வரை, பகல் சாப்பாடும் மீன் பார்க்கும் கண்ணாடியும் சேர்த்து. நடுக்கடலில் வெள்ளை மணல் மட்டும் ஒரு திட்டாகத் தெரியும். மரம் இல்லை, நிழல் இல்லை, நாங்கள் நின்ற திட்டு ஒரு பள்ளி மைதானத்தின் பாதிகூட இல்லை. குடை கொண்டு போங்கள். பவளம் காலை வெட்டும். ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். தொலைபேசி அங்கே வேலை செய்யாது என்று நினைத்திருந்தேன். பதினொன்று இருபதுக்கு அது அடித்தது.

“சின்னம்மா, அம்மாவைத் தீவிர சிகிச்சைக்கு மாத்தப் போகினம். அதுக்கு முதல் கதைக்கவேணுமாம்.”

பிறகு அக்காவின் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு. “சின்னவன் எங்க? ஒருக்கா குடு.”

தயா என்னிடமிருந்து முப்பது அடி தூரத்தில், இடுப்பளவு தண்ணீரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றான். நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அந்த மூச்சைக் கேட்டால் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும், நடுக்கடலில் வைத்து என்ன செய்வான், கரைக்குப் போய் ஆறுதலாகச் சொல்லி எடுத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

“அவன் தண்ணிக்குள்ள நிக்கிறானக்கா. பிறகு எடுத்துத் தாறன்.”

“தண்ணி எப்பிடி?”

“தெளிவா இருக்கு. காலடியில மீன் தெரியுது.”

“ஆழத்துக்கு விடாதை அவனை.”

“இல்லையக்கா. இடுப்பளவுதான்.”

“சரி… பிறகு.”

தயா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, “ஆர் அது?” என்றான். “நளினி. நாளைக்குப் பிளேனாம்” என்றேன். யாரும் கேட்காத பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். கணக்கில் முதல் வரியில் ஓர் இலக்கம் பிழைத்தால், அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு வரியும் பிழையாகவே வரும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! கரைக்கு வந்ததும் நளினியைக் கூப்பிட்டேன். அக்காவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள்; இனித் தொலைபேசி கொடுக்கமாட்டார்கள்.

வியாழன் காலை எட்டுப் பத்துக்குச் செய்தி வந்தது. விடியற்காலையில் அக்கா போய்விட்டா.

தயா அப்போது வளைவில் இருந்தான். சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அறையில் தொங்க விட்டுவிட்டு, கதிரையைத் தண்ணீருக்குள் கொண்டு போய்ப் பலகையைச் சரி செய்துகொண்டிருந்தான். நான் உடுத்த சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“வரேல்லையோ?”

“தயா, பெரியக்கா இல்லையடா. இண்டைக்கு விடியப்புறம்.”

அவன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ச்சல், ஆஸ்பத்திரி, லீவு என்று சொன்ன பொய். சொல்லி முடித்த பிறகு கேட்டான்.

“கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?”

“நேற்று. அந்த மணல்திட்டில.”

“அப்ப நான் கிட்டத்தானே நிண்டனான்.”

“ஓம்.”

“என்னைக் கேட்டவவோ?”

இல்லை என்று சொல்ல ஒரு கணம் நாக்கு எழும்பியது. “கேட்டவ. ஒருக்கா குடு எண்டவ. நான் பிறகு தாறன் எண்டன்.”

அவன் என்னை ஏசவில்லை. குனிந்து கதிரையைத் தூக்கி, காலில் ஒட்டிய மணலைக் கழுவி, பலகையையும் எடுத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தான். அதை எடுத்த இடத்திலேயே, மற்றக் கதிரைகளோடு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தான். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மத்தியானம் திறந்து, “நீங்கள் போங்கோ சின்னக்கா. உங்களிட்டைப் பாஸ்போட் இருக்குத்தானே. வெளிக்கிட்டால் நாளைக்குச் சா வீட்டுக்குப் போயிடலாம்” என்றான். போயிருக்கலாம்தான். அவனைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் அக்காவின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை. ஊரில் இப்போது வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்காகச் செத்தவீட்டை இணையத்தில் நேரலையாகக் காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். நளினி அதற்கு ஒழுங்கு செய்திருந்தாள். மாலைதீவு நேரம் இலங்கைக்கு அரை மணி பின்னால். ஊரில் பதினொரு மணி என்றால் தீவில் பத்தரை. அறையில் இணையம் இழுபட்டதால் விடுதிக்காரர் தன் அலுவலக அறையைத் திறந்து, பெரிய திரையைத் தந்துவிட்டு வெளியே போனார். நாங்கள் இருவரும் இரண்டு கதிரைகளில் இருந்து பார்த்தோம். படம் இரண்டு தடவை நின்றது. இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். தயா திரையைத் தொட்டு, “கொஞ்சம் பின்னால விடலாமோ?” என்று கேட்டான். நேரலையைப் பின்னால் விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வேலிப் படலைக் கதவோடு நளினி நிற்பது தெரிந்தது. ஆண்கள் போனார்கள். முடிந்தது என்று செய்தி வந்ததும், முழுகிவிட்டுத்தான் தண்ணீர் வெந்நீர் குடிக்க வேண்டும் என்று தயா எழுந்தான். கிணறு இல்லை. அறைக்குள் நின்று தண்ணீர்க் குழாயைத் திறக்க அவனுக்கு மனமில்லை. அந்த வளைவுக்கே போனோம். அவன் உடுத்த வேட்டியோடும் சட்டையோடும் இறங்கி, மூன்று தடவை தலையை முழுவதும் தாழ்த்தி எழும்பினான். நான் சற்றுத் தள்ளி முழுகினேன். அங்கே மீன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், நாங்கள் கண்ணாடி இல்லாமல் தடுமாறுகிறோம் என்று எண்ணித் தன்னுடையதைக் கழற்றி அவனிடம் நீட்டினா. மீன் அந்தப் பக்கம்தான் நிறைய என்று கையைக் காட்டினா. தயா கும்பிட்டு, வாங்கி, ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவவின் மனம் நோகக் கூடாதாம்.

திரும்பி வர முருகேசன் வாசலில் நின்றார். “மேடம், மீன் எதுவும் வைக்கல. சாம்பாரும் ஒரு கூட்டும் வச்சிருக்கேன். நீங்க கெளம்புற வரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்றார். எங்கும் மீன் வாசம் வீசும் அந்தத் தீவில் அவர் எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் சமைத்தார். மேலதிகமாக ஒரு டொலரும் வாங்கவில்லை. திங்கள் வரை டிக்கெட் இருந்தது. மாற்ற ஆளுக்கு 150 பவுண் கேட்டதால் இருந்தோம். அந்த மூன்று நாளும் தயா காலையில் தீவைச் சுற்றி நடப்பான். நான் பத்தடி பின்னால் நடப்பேன். அவன் கொண்டு வந்த தைலங்களை முருகேசனின் தாய்க்கென்று கொடுத்தான். குளிர்ச்சட்டையை மட்டும் திரும்பக் கொண்டு வந்தான்.

செவ்வாய் காலை லண்டனில் இறங்கி, லிவர்பூல் ஸ்ரீற் வரை ஒன்றாக வந்தோம். அங்கே எனக்கு இல்ஃபோர்ட் ரயில், அவனுக்கு எட்மண்டன் ரயில். “போய்ச் சேர்ந்ததும் அடியுங்கோ” என்றான். அவ்வளவுதான்.

தயாவுக்கு என்னோடு கோபம் இல்லை. அப்படித்தான் சொல்கிறான். ஆனால் முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழைப்பவன் இப்போது ஒவ்வொரு நாளும் அழைக்கிறான். சுகமோ என்று கேட்பான். சுகம் என்றால், “உண்மையாவோ?” என்பான். சொன்னது போதாமல், வேறு மாதிரி இரண்டாவது தடவையும் கேட்பான். போன மாதம் எனக்குச் சும்மா ஒரு தடிமன். குரல் அடைத்திருந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில், இரண்டு பேருந்து மாறி, மழையில் நனைந்து வாசலில் நிற்கிறான். வேலைக்கு ஷிப்ட் மாற்றிவிட்டு வந்திருக்கிறான். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, “சரி, தடிமன்தான்” என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்தான். அவனை மழையில் அலைய வைத்தது என் தடிமன் அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: மாலைதீவு நல்ல இடம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போங்கள். ஓய்வுவிடுதித் தீவுகளைவிட ஊர் மக்கள் வாழும் தீவுகள் மலிவு. முதியவர்களுக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும். எட்டு இரவுக்கு விமானம் தவிர்த்து, இரண்டு பேருக்கு எங்களுக்கு ஏறக்குறைய 1,500 டொலர் முடிந்தது. பயணப் புத்தகம் வைத்திருப்பவர்கள் மூன்று மாதம் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள். ஊரிலிருந்து வருபவருக்கு, விலை கூடினாலும், திகதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள். உங்களுடையதையும் அப்படியே எடுங்கள். அங்கிருந்து ஒருவருக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தால், பயணம் குழம்பினாலும் குழம்பட்டும், உடனே சொல்லிவிடுங்கள். செய்தி அறிந்தவர் இங்கேயே இருந்து, சுகமில்லாதவரின் குரலை இருக்கிற நாட்களிலாவது தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார். தயாவுக்கு வியாழன் முதல் புதன் வரை ஆறு நாள் இருந்தது. நான்தான் கொடுக்கவில்லை.

டிக்கெட் எடுக்க முன் இதைச் செய்யுங்கள்: ஊரில் இருப்பவரை இன்றைக்கே அழைத்து, எந்தக் கெட்ட செய்தி என்றாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், நானும் அப்படியே சொல்லுவேன் என்று அவருக்குச் சொல்லுங்கள்.